மஞ்சள் அட்டையின் இரண்டாம் பக்கம்

மார்ச் 2

தங்கைக்கு,

இரண்டு வருடமாக எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று, உறையைக் கிழிக்கும் முன்பே முகத்தைச் சுளித்திருப்பாய். சுளித்துக்கொள். ஆனால் முழுவதும் படி.

என் வலது காதுக்குள், நரம்பின் மேல் ஒரு கட்டி இருக்கிறது. பட்டாணி அளவு. கெட்ட கட்டி இல்லை. ஆனால் வளர்கிறது, விட்டுவைத்தால் மூளையை நெருக்கும் என்கிறார் டாக்டர். இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன். கட்டியை எடுக்கும்போது அந்தக் காது போய்விடும். 'போகலாம்' என்று அவர் வாயிலிருந்து வரவழைக்க எவ்வளவோ முயன்றேன். 'போய்விடும்' என்றே சொன்னார். இடது காது ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோதே செத்துவிட்டது, உனக்குத் தெரியும். ஆக, இருபத்துமூன்றாம் தேதி காலையில் எனக்கு எதுவும் கேட்காது.

போன் செய்யாதே. ரிசீவரை வைத்தாலே காதுக்குள் விசில் அடிக்கிறது. லேபில் யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. போன வாரம் ஆற்று நீர் சாம்பிள் ஒன்றை அப்படித்தான் கீழே கொட்டினேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நம் மஞ்சள் அட்டை ரெக்கார்டு எங்கே? அன்று உன் வீட்டில் போட்டாயே, அதைக் கேட்கவில்லை. உண்மையான ரெக்கார்டு. நீ விற்றிருந்தாலும் சரி, உடைத்திருந்தாலும் சரி, யாருக்காவது தூக்கிக் கொடுத்திருந்தாலும் சரி, திட்ட மாட்டேன். யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல். நானே போய்க் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தடவை கேட்டுவிட்டு வந்துவிடுவேன். இரண்டாம் பக்கம் மட்டும் போதும். பதினாறு நிமிடம்தான்.

அக்கா


மார்ச் 6

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் உடல்நிலை அறிந்து மிகவும் வருந்துகிறேன்.

மேல இருக்கிற ரெண்டு வரியை எழுதிட்டு அரை மணி நேரம் அழுதேன். அப்புறம் மூஞ்சியைக் கழுவிட்டு வந்து உன் கடிதத்தை மறுபடி படிச்சேனா, கோபம் வந்துடுச்சு. காதுல கட்டியோட இருக்கிறவகிட்ட கோபப்படக் கூடாதுதான். என்ன பண்றது, வந்துடுச்சு.

அன்னைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்கும். அடிச்சவ மறந்துடுவா, வாங்கினவளுக்குத்தான் வலி. புது வீட்டுக்கு அக்கா முதல் தடவையா வர்றாளேன்னு புது ஸ்பீக்கர் வாங்கி, ரெக்கார்டைத் துடைச்சு, மாமியார், நாத்தனார், இவர் எல்லாரையும் உக்கார வெச்சு, 'நாங்க சின்ன வயசுலயே ஜாஸ் கேட்ட ஆளுங்க'ன்னு பீத்திக்கிட்டேன். இரண்டாம் பக்கம் போட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. நீ எழுந்து நின்னே. 'இது நம்ம ரெக்கார்டு இல்ல. நம்மளதுல ஊதலே கிடையாது. அதை வித்துட்டு வேற ஒண்ணை வாங்கி வெச்சுக்கிட்டுக் கதை விடுறே. பொய்க்காரி'ன்னே. என் மாமியார் முன்னாடி! அதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒரு ஸ்பூன் காணாம போனாலும் எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்க்கிறாங்க.

ஊதல் கிடையாதாம். அந்த டிரம்பெட்டை எடுத்துட்டா அந்த ரெக்கார்டுல மிச்சம் என்ன இருக்கு?

நான் விக்கல, உடைக்கல. அதே அட்டை, அதே மூலையில நீ கொட்டின மைக் கறை. முன்னாடி குடியிருந்தவங்க பரண்ல விட்டுட்டுப் போன ஆறு ரெக்கார்டுல அஞ்சு என்கிட்ட பத்திரமா இருக்கு, அட்டைப் படத்தைப் பார்த்து நாம வெச்ச பேரோட. மஞ்சள் அட்டை, தொப்பிக்காரன், படிக்கட்டு, நீலக் கார், நாலு நாற்காலி. ஆறாவது மேல நீதான் உக்காந்து உடைச்சே. ஞாபகம் இருக்கா, முதல் நாள் தொப்பிக்காரனைப் போட்டுட்டு, வாத்தியக்காரங்க இன்னும் சுதி சேர்த்துட்டு இருக்காங்க, பாட்டு இப்போ ஆரம்பிக்கும்னு ஒரு பக்கம் முழுக்கக் காத்திருந்தோம். அதுதான் பாட்டுன்னு புரிய நமக்கு ஒரு வாரம் ஆச்சு. அப்படிக் கேட்டதையா நான் விப்பேன்?

ஆபரேஷனுக்கு யார் கையெழுத்து போடுறாங்க? பக்கத்துல யார் இருக்கப் போறாங்க? அதையெல்லாம் எழுதக் காணோம். ரெக்கார்டு எங்கேன்னு ஒரு பாரா எழுதத் தெரியுது.

வேணும்னா நான் போட்ட அதே ரெக்கார்டை அனுப்புறேன். என்கிட்ட இருக்கிறது அதுதான்.

இப்படிக்கு,
பொய்க்காரி


மார்ச் 9

வாலு,

கையெழுத்துக்கு லேப் மேனேஜரைக் கேட்டேன். சரி என்றார். நல்ல மனிதர், ஆனால் ஆஸ்பத்திரி என்றாலே அவருக்குப் பயம். நான் அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அட்டை அதேதான், நான் மறுக்கவில்லை. அட்டைக்குள் வேறு தட்டைச் செருக எவ்வளவு நேரம் ஆகும்? சண்டைக்கு எழுதவில்லை. நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே சொல்.

அப்பாவுக்கு எப்போதும் இரவு ஷிப்ட். பகல் முழுவதும் தூங்குவார். வீட்டில் ஒரு கரண்டி விழக் கூடாது. அதனால் நம் ரெக்கார்டு பிளேயருக்கு நாம் ஸ்பீக்கர் மாட்டியதே இல்லை. ஒரே ஒரு ஹெட்போன், நாம் இரண்டு பேர். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, ஆளுக்கு ஒரு குமிழ். எனக்குப் பதினாறு, உனக்குப் பதிமூன்று. நீ என் குமிழைப் பிடுங்கப் பார்ப்பாய், நான் தர மாட்டேன். அதில் 'ஆர்' என்று போட்டிருந்தது. வலது என்று எழுதியிருந்தால் அது வலது காதுக்குத்தான். எனக்கு இருப்பதோ வலது காது மட்டும். நான் வேலைக்குக் கிளம்பும் வரை ஐந்து வருடம் அதைத்தான் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பக்கம் பியானோவில் தொடங்கும். மூன்றே மூன்று தட்டு. பிறகு டிரம்ஸ்காரர் பிரஷ்ஷால் தேய்ப்பார், அரிசி களைவதைப் போல. நடுவில் ஒரு நீண்ட இடம் வரும். பியானோ ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருக்கும். மறுபடி ஒரு தட்டு. மறுபடி காத்திருக்கும். எனக்கு அந்த ரெக்கார்டு என்றாலே அந்த இடம்தான். அப்போது எங்கோ தூரத்தில் மெல்லிசாக ஓர் ஊதல் கேட்கும். அடுத்த வீட்டில் யாரோ பழகுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் அடுத்த வீட்டம்மாவிடம் போய்ப் பிள்ளையைக் கொஞ்சம் மெதுவாக ஊதச் சொல்லுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்குப் பிள்ளையே கிடையாது.

நீ அன்று போட்ட ரெக்கார்டில், அந்த அமைதி முழுவதையும் ஒருவன் விடாமல் ஊதித் தள்ளினான். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. பொய்க்காரி என்ற வார்த்தை வந்திருக்கக் கூடாது.

ஏன் இப்போது கேட்க வேண்டும் என்றால், சத்தம் இல்லாமல் இருப்பதில் நான் அனுபவித்த நல்லது அது ஒன்றுதான். எனக்கு வரப்போகும் அமைதி அதைப் போலக் கொஞ்சமாவது இருக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் குழாயைத் திறந்தால், இந்தச் சத்தம் இன்னும் பதின்மூன்று நாள் என்று எண்ணுகிறேன். பஸ்ஸின் ஹாரனைக்கூட எண்ணுகிறேன்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

உக்காந்துட்டுப் படி. நின்னுட்டுப் படிக்காதே.

உன் கடிதம் வந்ததுலேர்ந்து மண்டையைக் குடைஞ்சுட்டே இருந்துச்சு. இன்னைக்குக் காலையில நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு தையல்காரர் வந்தார். கண் டெஸ்ட். இடது கண்ணை மூடிட்டுப் படிங்கன்னேன், கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சார். வலது கண்ணை மூடுங்கன்னேன். 'ஏம்மா, அட்டையை மாத்திட்டியே, கீழ எழுத்தே இல்லையே'ன்னார். மாத்தலைங்க, அதேதான்னேன். 'எனக்கே காது குத்துறியா'ன்னு சண்டைக்கு வந்துட்டார். இத்தனை வருஷமா ஒரே கண்ணால ஊசியில நூல் கோத்துட்டு இருக்கார், பாவம், அவருக்கே தெரியாது. கண்ணாடி போட்டுக் காட்டறதுக்குள்ள எனக்குப் பொறி தட்டிடுச்சு. ஏன்னா இந்தச் சண்டையை நான் ஏற்கனவே ஒரு தடவை போட்டிருக்கேன்.

அரை நாள் லீவு சொல்லிட்டு வீட்டுக்கு ஓடினேன். பழைய ஹெட்போனைத் தேடி எடுத்து, மஞ்சள் அட்டையைப் போட்டேன். 'ஆர்' குமிழை மட்டும் காதுல வெச்சேன். இன்னொண்ணைத் தலையணைக்கு அடியில திணிச்சேன்.

நீ எழுதினது எல்லாம் இருக்கு அக்கா. மூணு தட்டு. அரிசி களையறது. அந்தக் காத்திருக்கிற இடம். ஊதல் மட்டும் அடுத்த வீட்டுல கேக்குது. அப்புறம் குமிழை மாத்தி வெச்சேன். டிரம்பெட் கணீர்னு கேக்குது, அதுக்குப் பின்னாடி பாஸ்ங்கிற அந்தத் தடித்தந்தி வாத்தியம் முணுமுணுக்குது. பியானோவைத் தேட வேண்டியிருக்கு. நான் அஞ்சு வருஷம் கேட்ட மஞ்சள் அட்டை அதுதான்.

பக்கத்துக் கடை ரேடியோ மெக்கானிக்கைக் கேட்டேன். ஸ்டீரியோ புதுசா வந்த காலத்துல, பாதி வாத்தியத்தை ஒரு பக்கமும் பாதியை மறுபக்கமும் பிரிச்சு வெச்ச ரெக்கார்டு உண்டாம். தொப்பிக்காரன் முதலான மத்த நாலும் அதுக்கு முந்தினது, ரெண்டு குமிழ்லயும் ஒரே சத்தம். அதனாலதான் அதுல நமக்குள்ள வம்பு வரல. நீ ஊரை விட்டுப் போனப்புறம் நான் முதல் தடவை ஸ்பீக்கர்ல போட்டப்போ பியானோ நல்லாக் கேட்டுச்சு. பரவாயில்லையே, ஸ்பீக்கர் உசத்திதான்னு நினைச்சேன். என் மூளையை எங்க கொண்டுபோய் வைக்க!

நீயும் பொய் சொல்லல, நானும் சொல்லல. அந்தப் பியானோ காத்திருந்துச்சே, டிரம்பெட்டுக்குத்தான் காத்திருந்துச்சு. அது வந்துச்சு அக்கா. என் காதுல வந்துச்சு.

மெக்கானிக் ரெண்டு ஒயரையும் ஒண்ணாச் சேர்த்து ஒரு கேசட்ல பதிஞ்சு குடுத்திருக்கார். ஒரே காதுல வெச்சாலும் எல்லாரும் இருப்பாங்க. அது முதல் பக்கம். மறுபக்கத்துல 'ஆர்' மட்டும், உன்னோடது. எது வேணுமோ அதைக் கேளு. கேசட்டைத் தனியா கூரியர்ல அனுப்பியிருக்கேன். பதினாலாம் தேதி கையில இருக்கும்னு சத்தியம் பண்ணினான்.

அப்புறம், கையெழுத்து போட மேனேஜர் யாரு? நான் என்ன செத்தா போயிட்டேன்? இருபதாம் தேதி வரேன்.

வாலு


மார்ச் 15

வாலு,

கேசட் வரவில்லை.

ஆபரேஷனை முன்கூட்டி, பத்தொன்பதாம் தேதிக்கே மாற்றிவிட்டார்கள். டாக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போகிறாராம். பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். நீ இருபதாம் தேதி வந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன்.

நேற்றும் இன்றும் கூரியர் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருப்பவன் குனிந்துகொண்டே பேசுகிறான், உதடு தெரியவில்லை. காகிதத்தை நீட்டி எழுதச் சொன்னேன். 'வந்துகொண்டே இருக்கிறது' என்று எழுதினான். எங்கிருந்து என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஒரு தொட்டியில் மேலாக மட்டும் ஒரு குவளை மொண்டு, தண்ணீர் சுத்தம் என்று சான்று எழுதினால் என்னை வேலையிலிருந்தே தூக்கிவிடுவார்கள். உன் விஷயத்தில் அதைத்தான் செய்தேன். அதுவும் உன் புகுந்த வீட்டார் முன்னால். மன்னித்துவிடு. உன் மாமியாருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எல்லாரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படி. ஸ்பூன் விஷயத்தையும் சேர்த்திருக்கிறேன்.

கேசட் வந்தாலும் எந்தப் பக்கத்தைக் கேட்பது என்று புரியவில்லை. முழுசாகக் கேட்டால் என் அமைதி போய்விடும், அன்று உன் வீட்டில் போனதைப் போல. என் பக்கத்தை மட்டும் கேட்டால், அந்தப் பியானோ யாருக்குக் காத்திருக்கிறது என்று இனிமேல் எனக்குத் தெரியும். பழையபடி கேட்க முடியாது. நீ கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான்.

மேனேஜர் விடுப்பு எடுத்துவிட்டார், வருகிறார். ஆனால் நீ வந்தால் நன்றாக இருக்கும். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், கௌரவம் விடவில்லை.

அக்கா


தந்தி, மார்ச் 17

இன்றே கிளம்புகிறேன். நாளை மதியம் வந்துவிடுவேன். யாரும் கையெழுத்து போட வேண்டாம். வாலு.


மார்ச் 22

அக்கா,

உன் கட்டிலுக்கு மூணடி தள்ளி உக்காந்துதான் இதை எழுதுறேன். நீ தூங்குறே. எழுந்ததும் படி.

கட்டி முழுசா வந்துடுச்சு. வாய் வலது பக்கம் கொஞ்சம் கோணியிருக்கு, பயப்படாதே, ஒண்ணு ரெண்டு மாசத்துல நேராயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். காதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. நீ முதல்ல கண்ணைத் திறந்தப்போ அக்கா அக்கான்னு கூப்பிட்டேன், நர்ஸ் கையைத் தட்டினாங்க. நீ என் வாயையே பார்த்துட்டு இருந்தே. மூணு நாளா ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறே. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுறே. கோபமான்னு எனக்குப் பயமா இருக்கு.

எனக்கு ஒண்ணு தெரிஞ்சே ஆகணும். பதினெட்டாம் தேதி காலையிலயே கேசட் வந்துடுச்சுன்னு உங்க மேனேஜர் சொன்னார். அவர் வீட்டு டேப் ரெக்கார்டரையும் கொண்டுவந்து குடுத்தாராம். நான் மூணு மணிக்கு உள்ள வந்தப்போ அது உன் மடியில இருந்துச்சு. கேட்டியான்னு கேக்கத்தான் வாயைத் திறந்தேன். வேற என்னென்னமோ வந்துடுச்சு. பயம் வந்தா என் வாய் நிக்காதுன்னு உனக்குத் தெரியுமே. எங்க வீட்டு பாத்ரூம் ஒழுகுறது, அதுக்கு வந்த பிளம்பர், அவன் கழட்டினதுல கீழ் வீட்டுல தண்ணி கொட்டினது, மாமியார் குடை பிடிச்சுட்டுக் குளிச்சது. ஏழு மணிக்கு நர்ஸ் வந்து போதும் கிளம்புங்கன்னு சொல்ற வரைக்கும் அதையே பேசிட்டு இருந்தேன். எந்தக் கிறுக்காவது அக்காவோட காதுக்குக் கடைசியா மிச்சம் இருக்கிற நாலு மணி நேரத்தை பாத்ரூம் கதையில கரைப்பாளா? அன்னைக்கு வெளிய வந்து நடைபாதையில நின்னு என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன்.

எந்தப் பக்கம் கேட்டே? முழுசா, இல்ல உன்னோடதா? எப்போ கேட்டே? எழுது. இல்லேன்னா பேசு.

வாலு


மார்ச் 22, சாயங்காலம்

வாலு,

கோபம் இல்லை. பேசினால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் நர்ஸிடம் தண்ணீர் கேட்டேன், எதிர்க் கட்டில்காரி துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். அதிலிருந்து வாயைத் திறக்க வெட்கமாக இருக்கிறது. பழகிக்கொள்வேன்.

நான் எந்தப் பக்கத்தையும் கேட்கவில்லை.

மேனேஜர் டேப்பை வைத்துவிட்டுப் போனபோது மணி பதினொன்று. பட்டன் மேல் விரலை வைத்தேன், எடுத்தேன். முழுசா, என்னுடையதா, முழுசா, என்னுடையதா என்று மூன்று மணி வரை இதே வேலை. பிறகு நீ வந்தாய். பையைக்கூடக் கீழே வைக்காமல் பேச ஆரம்பித்தாய். உன் குரலைக் கேட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் தடித்திருக்கிறது உன் குரல். சிரிக்கும்போது மட்டும் பழைய குரல். டேப்பை மெதுவாகப் போர்வைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நீ போன பிறகும் நேரம் இருந்தது. போடவில்லை. உன் குரலுக்குப் பிறகு இன்னொன்றைக் காதுக்குள் விட மனசு வரவில்லை. மறுநாள் காலையில் டாக்டர்கள் ஏதேதோ சொன்னார்கள், தலையை ஆட்டினேன், காது கொடுக்கவில்லை.

நீ பாத்ரூம் கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். 'கீழ் வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினாரா, எங்க மாமியார் குடையோட போய்த் திறந்தாங்களா, திறந்து பார்த்தா' என்றாய். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். மறுநாள் நீ உள்ளே வரும் முன்பே ஊசி போட்டு என்னைக் கொண்டுபோய்விட்டார்கள். கண் விழித்த நேரத்திலிருந்து அதையே யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

திறந்து பார்த்தால் என்ன? ஒன்றுவிடாமல் எழுது. இந்தா, பேனா.

அக்கா